வணிகப் பேச்சுரிமை

வணிகப் பேச்சுரிமை என்பது, ஒரு பொருளையோ சேவையையோ விற்கும் நோக்குடன் கூறப்படும் செய்திகளுக்குக் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு எந்த அளவுக்கு உண்டு என்பதைக் குறிக்கும் சட்டக் கருத்தாகும். நாளிதழ் விளம்பரம், விலைப்பட்டியல், கடையின் பெயர்ப்பலகை, பொருளின் மேல் ஒட்டப்படும் சீட்டு, முத்திரை ஆகிய யாவும் இதில் அடங்கும். இந்தியாவில் 1995 ஆம் ஆண்டு டாட்டா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் வழியாக இவ்வுரிமை உறுதியாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் 35 ஆண்டுகள் இது ஐயத்துக்குரியதாகவே இருந்தது.

எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணியில் நெய்யப்பட்ட ஒரு பட்டுப் புடவையை எடுத்துக்கொள்வோம். அதன் மடிப்பில் வைக்கப்படும் சீட்டில் "தூய பட்டு", "கைத்தறி", "காஞ்சிபுரம்" என்னும் மூன்று சொற்கள் அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முதலாவது இழையைப் பற்றியது. இரண்டாவது தறியைப் பற்றியது. மூன்றாவது ஊரைப் பற்றியது. மூன்றும் பேச்சே. ஆயினும் ஒவ்வொன்றையும் வெவ்வேறு சட்டம் தொடுகிறது. எதை எழுதினால் குற்றம், எதை எழுதாமல் விட்டால் குற்றம், இதைச் சொல்ல அரசுக்கு எவ்வளவு அதிகாரம் என்னும் வினாக்களே வணிகப் பேச்சுரிமையின் உள்ளடக்கம் ஆகும்.

அரசியலமைப்பில் இதன் இடம்

இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் வழங்குகிறது. 19(1)(எ) உறுப்பு தொழில், வணிகம் செய்யும் உரிமையை வழங்குகிறது. இரண்டும் அடுத்தடுத்து நின்றாலும் அவற்றின் மேல் அரசு விதிக்கக்கூடிய வரம்புகள் ஒன்றல்ல. தொழில் உரிமையைப் "பொதுமக்கள் நலன்" கருதி நியாயமான முறையில் வரையறுக்கலாம் என்று 19(6) கூறுகிறது. பேச்சுரிமைக்கு அத்தகைய பரந்த வாசல் வைக்கப்படவில்லை. 19(2) உறுப்பில் எண்ணிச் சொல்லப்பட்ட எட்டுக் காரணங்களுக்காக மட்டுமே பேச்சைக் கட்டுப்படுத்தலாம். அவை இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நயநாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல் ஆகியவையாகும்.

இப்பட்டியல் ஒரே நாளில் உருவானதன்று. அதன் வளர்ச்சியில் சென்னை மாகாணத்துக்கும் தமிழ்நாட்டு அரசியலுக்கும் பெரும் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த "கிராஸ் ரோட்ஸ்" இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று மாகாண அரசு பிறப்பித்த தடையை உச்ச நீதிமன்றம் 1950 மே மாதத்தில் நீக்கியது (ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம்). "பொது ஒழுங்கு" என்னும் காரணம் அப்போது அரசியலமைப்பில் இல்லை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. அடுத்த ஆண்டே முதலாவது திருத்தத்தின் மூலம் அச்சொல் சேர்க்கப்பட்டது. "நியாயமான" என்ற அடையும் அப்போதுதான் வந்தது. இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவை 1963 இல், திராவிட நாடு கோரிக்கையின் பின்னணியில், 16 ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டன.

இத்தனை திருத்தங்களுக்குப் பின்னரும் பட்டியலில் இடம்பெறாத ஒன்று உண்டு. வாங்குவோரை ஏமாற்றுதல் என்பது 19(2) இல் எங்கும் இல்லை. ஆகவே, சீட்டில் எழுதப்பட்ட சொல்லை வணிகத்தின் ஒரு பகுதி என்று கொண்டால் அரசு எளிதாகத் தலையிடலாம். பேச்சு என்று கொண்டால் எந்தக் காரணத்தைக் காட்டித் தலையிடுவது என்னும் சிக்கல் எழும். கீழ்வரும் தீர்ப்புகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தச் சிக்கலைச் சுற்றியே வருகின்றன.

தீர்ப்புகளின் வரலாறு

இத்துறையின் முதல் முதன்மையான வழக்கு ஹம்தர்த் தவாகானா எதிர் இந்திய ஒன்றியம் என்பதாகும். தீராத நோய்களைத் தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்களைத் தடை செய்ய 1954 இல் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் இயற்றப்பட்டது. யுனானி மருந்து நிறுவனமான ஹம்தர்த் இதனை எதிர்த்தது. 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விளம்பரம் பேச்சின் ஒரு வடிவமே எனினும், அதன் நோக்கம் வணிகமாக இருக்கும்போது அது பேச்சுரிமையின் எல்லைக்குள் வராது என்று கூறியது. சட்டத்தின் நோக்கம் ஏற்கப்பட்டாலும், எந்த நோயையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள நிருவாகத்துக்கு வரம்பில்லா அதிகாரம் கொடுத்த பகுதியும், பொருள்களைக் கைப்பற்ற அளிக்கப்பட்ட அதிகாரமும் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. பின்னாளில் தீர்ப்பின் முதற்பாதியே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. நிருவாகத்தின் கையைக் கட்டிய இரண்டாவது பாதியும் அதே அளவு கவனத்துக்குரியது என்பது பலரால் மறக்கப்படுகிறது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் வேறொரு திசையில் ஒரு தீர்ப்பு வந்தது. நாளிதழ்களின் பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்ப விலையை நிருணயிக்கவும் விளம்பரத்துக்கான இடத்தை வரையறுக்கவும் ஒன்றிய அரசு முயன்றது. பெரிய நாளிதழ்களிடமிருந்து சிறிய நாளிதழ்களைக் காப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. புனேயிலிருந்து வெளிவரும் "சகால்" நாளிதழ் வழக்குத் தொடுத்தது. 1961 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. தொழிலைப் பொதுமக்கள் நலன் கருதிக் கட்டுப்படுத்தலாம், பேச்சை அவ்வாறு கட்டுப்படுத்த இயலாது என்பதை இத்தீர்ப்பு தெளிவாகக் கூறியது. விளம்பர வருவாயைக் குறைத்தால் செய்தியின் பரவலும் குறையும் என்பதையும் அது கண்டுகொண்டது.

1984 இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் வழக்கில், வணிகர் வெளியிட்டார் என்பதற்காகவே எல்லா விளம்பரங்களுக்கும் பாதுகாப்பை மறுத்துவிட முடியாது என்று கூறி, ஹம்தர்த் தீர்ப்பின் வீச்சை நீதிமன்றம் சுருக்கியது.

டாட்டா பிரஸ் எதிர் மகாநகர் தொலைபேசி நிறுவனம் (1995) என்ற வழக்கு ஒரு புத்தகத்தைப் பற்றியது. பம்பாய் நகர வணிக நிறுவனங்களின் முகவரிகளையும் விளம்பரங்களையும் தொகுத்து டாட்டா பிரஸ் "மஞ்சள் பக்கங்கள்" வெளியிட்டது. தொலைபேசி விவரப் புத்தகம் வெளியிடும் உரிமை தனக்கே உரியது என்று அரசு நிறுவனம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. வணிகப் பேச்சு 19(1)(அ) இன் பகுதி என்று அறிவித்ததோடு, அதைச் சொல்பவருக்கு மட்டுமன்றிக் கேட்பவருக்கும் படிப்பவருக்கும் அதன்மேல் உரிமை உண்டு என்றும் கூறியது. ஒரு குடிமகனுக்கு அரசியல் செய்தியைக் காட்டிலும் மருந்தின் விலை பற்றிய செய்தி அதிகம் தேவைப்படும் நாள் உண்டு என்பது இக்கருத்தின் உட்பொருளாகும்.

அதே தீர்ப்பு, ஏமாற்றுகின்ற, முறையற்ற, தவறான வழியில் செலுத்துகின்ற, உண்மையற்ற வணிகப் பேச்சு 19(2) இன் கீழ் கட்டுப்படுத்தத் தக்கது என்றும் கூறியது. எட்டுக் காரணங்களுள் எதன் கீழ் என்பதை மட்டும் அது விரித்துரைக்கவில்லை. பொய்யான விளம்பரத்தை "ஒழுக்கம்" என்ற சொல்லுக்குள் அடக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அச்சொல்லை அவ்வளவு தூரம் இழுத்தால், நாளை வேறு எதையெதையோ அதற்குள் அடக்கவும் வழி பிறக்கும். முடிவு சரி, வழி தெளிவில்லை என்பதே இத்தீர்ப்பைப் பற்றிச் சொல்லக்கூடியது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2008 இல் தீர்க்கப்பட்ட கோல்கேட் எதிர் ஆங்கர் வழக்கும் மாணவர் அறிந்திருக்க வேண்டியது. ஒரு பற்பசை விளம்பரத்தில் வந்த "ஒரே", "முதல்" என்னும் இரு சொற்களைப் பற்றியது அவ்வழக்கு. விற்பவர் தம் பொருளைப் புகழ்ந்து பேசலாம். ஆனால் சரிபார்க்கத்தக்க ஒரு செய்தியாக அப்புகழ்ச்சி மாறும்போது அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் அவ்விரு சொற்களையும் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது.

ஆரணிப் பட்டும் மூன்று சொற்களும்

ஆரணி, கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த நகராட்சி ஆகும். அரிசியும் பட்டும் அதன் இரு பெரும் தொழில்கள். நகரிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றூர்களிலும் பட்டு நெசவு பரவியுள்ளது. காஞ்சிபுரம் இங்கிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆரணித் தறிகளில் நெய்யப்படும் புடவைகளில் பல, காஞ்சிபுரம், சென்னை ஆகிய ஊர்களின் கடைகள் வழியாகவே வாங்குவோரைச் சென்றடைகின்றன.

இத்தொழிலின் அமைப்பை அறிந்தால்தான் சீட்டின் சிக்கல் புரியும். நெசவாளர் பெரும்பாலும் தம் புடவையைத் தாமே விற்பதில்லை. கூட்டுறவுச் சங்கமோ, மாஸ்டர் நெசவாளர் எனப்படும் தனியார் முதலாளியோ பாவையும் ஊடையையும் சரிகையையும் கொடுக்க, அவர் தம் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். சீட்டு ஒட்டப்படுவது பிறகு, வேறு ஓர் ஊரில், வேறு ஒருவர் கையால். ஆகவே புடவையைப் பற்றிப் பேசுபவர் அதை நெய்தவர் அல்லர். அச்சொற்களால் பயனோ இழப்போ அடைபவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய சொல்லோ அதில் ஒன்றும் இல்லை.

முதற்சொல்லாகிய "தூய பட்டு" இழையைப் பற்றியது. பட்டா அன்றா என்பதை ஓர் இழையை எரித்தே பெரும்பாலும் அறியலாம். பட்டு, மயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் தூளாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். ஆனால் கடையில் நின்று புடவையின் நூலை யாரும் எரித்துப் பார்க்க இயலாது. ஆகவே மத்தியப் பட்டு வாரியம் 2004 ஜூன் மாதத்தில் "சில்க் மார்க்" என்னும் முத்திரையைத் தொடங்கியது. இது கட்டாயமானதன்று. விரும்பும் வணிகர் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்தபின் பொய்யாகப் பயன்படுத்தக் கூடாது. அரசு யாருடைய வாயையும் அடைக்காமல், நம்பத்தக்க மற்றொரு குரலைச் சந்தையில் சேர்க்கிறது என்று இதைக் கருதலாம்.

இரண்டாவது சொல்லாகிய "கைத்தறி" கடினமானது. விசைத்தறியில் நெய்த பட்டும் பட்டே. எரித்தாலும் ஒரே நாற்றம்தான். பழகிய கண்ணுக்கன்றி இரண்டையும் வேறுபடுத்துவது அரிது. கைத்தறியைக் காக்க 1985 இல் கைத்தறி (உற்பத்திக்கான பொருள்கள் ஒதுக்கீடு) சட்டம் இயற்றப்பட்டது. இதன் கீழ் முதலில் 22 வகைப் பொருள்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. கூடுதல் பாவோ ஊடையோ கொண்டு வேலைப்பாடு செய்த பருத்திப் புடவையும் பட்டுப் புடவையும் அவற்றுள் அடங்கும். விசைத்தறி உரிமையாளர்கள் இச்சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த பர்வேஜ் அக்தர் வழக்கில் 1993 இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

"இதை விசைத்தறியில் நெய்யாதே" என்று கூறும் இச்சட்டம் ஒரு செயலைத் தடுக்கிறது. அது தொழில் உரிமை பற்றியது. பொதுமக்கள் நலன் என்னும் அகன்ற வாசல் அதற்குத் திறந்திருக்கிறது. "இதைக் கைத்தறி என்று சொல்லாதே" என்பது ஒரு சொல்லைத் தடுக்கிறது. வாசல் குறுகியது, சொல் பொய் என்று காட்டியாக வேண்டும். பெருந்தொழிலுக்கு எதிராக எளியவரைக் காப்பதற்கு அரசு முதல் வழியை நாடும்போது அரசியலமைப்புச் சிக்கல் குறைவு. ஆனால் ஆயிரக்கணக்கான தறிக்கூடங்களை ஆய்வாளர்கள் சென்று பார்ப்பது எளிதன்று என்பதால், நடைமுறையில் சீட்டின் மேலேயே சுமை விழுகிறது. 2006 இல் தொடங்கப்பட்ட "கைத்தறி முத்திரை", 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் முதலாவது தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்பட்டபோது அறிமுகமான "இந்தியா கைத்தறி" முத்திரை ஆகியவை இவ்வகையின.

மூன்றாவது சொல்லாகிய "காஞ்சிபுரம்" எல்லாவற்றிலும் சுவையானது. பொருள்களின் புவிசார் குறியீடுகள் (பதிவு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 1999 இல் நிறைவேற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005 இல் பதிவாயிற்று. அதே பத்தாண்டில் ஆரணிப் பட்டும் தன் பெயரில் பதிவு பெற்றது. பதிவான பெயரை, அதற்கென வரையறுத்த இடத்தில் வரையறுத்த முறைப்படி செய்து, பயனராகப் பதிவு பெற்றவரே பொருளின் மேல் பயன்படுத்தலாம். பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வணிகச் சின்னத்தைப் போல் இதனை வேறொருவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. ஊரின் பெயர் ஊருக்கே உரியது என்பது கொள்கை.

ஆனால், "காஞ்சிபுரப் பாணியில் ஆரணியில் நெய்தது" என்று ஒருவர் சீட்டில் அச்சிட்டால் என்ன ஆகும்? அது முழு உண்மை. "வகை", "பாணி", "போன்றது" என்னும் சொற்களைச் சேர்த்து உண்மையான ஊரையும் குறிப்பிட்டால்கூடக் குற்றம் என்னும் கடுமையான விதி, இச்சட்டத்தில் ஒன்றிய அரசு தனியே அறிவிக்கும் பொருள்களுக்கு மட்டுமே வைக்கப்பட்டுள்ளது. ஏனைய பொருள்களைப் பொறுத்தவரை, தோன்றிய இடத்தைப் பற்றி மக்களைத் தவறாக எண்ணவைத்தால்தான் மீறல் ஆகும். உண்மையை விளக்கமாகச் சொல்பவர் தப்பலாம். பேச்சுரிமையின் நோக்கில் இவ்வேறுபாடு மிக முதன்மையானது. சட்டம் பொய்யைத் தடுப்பதோடு நின்றால் வாங்குபவர் பயனடைகிறார். உண்மையையும் தடுக்கத் தொடங்கினால், ஒரு பெயரை முன்னரே பதிவு செய்துகொண்டவருக்கு ஏகபோகத்தை அது வழங்குகிறது. பக்கத்து ஊர்த் தறிக்காரர் தம் நெசவு எந்த மரபைச் சேர்ந்தது என்று சொல்லவும் வாயற்றவராகிறார்.

மறுபுறம், ஆரணிப் புடவை தன் பெயரிலேயே விற்கப்பட வேண்டும் என்பதும் நியாயமே. கோர்வை முறையில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் இணைத்து நெய்யும் கனமான புடவைக்குக் காஞ்சிபுரம் பெயர்பெற்றது. எடை குறைந்த பட்டுக்கு ஆரணி பெயர்பெற்றது. வேறுபாடு உண்மையானது, அதைச் சொல்வதில் இழிவு ஏதுமில்லை. ஆயினும் ஆரணி என்னும் பெயர் பதிவேட்டில் ஏறிய அளவுக்கு வாங்குவோர் நாவில் ஏறவில்லை. பிறர் பெயரைப் பயன்படுத்தாதே என்று அரசால் ஆணையிட முடியும். உன் பெயரை உலகறியச் செய்கிறேன் என்று அதே ஆணையால் செய்ய முடியாது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 2010களில் பட்டுப் புடவையுடன் அதை நெய்தவரின் பெயரையும் நிழற்படத்தையும் சேர்த்துக் கொடுத்தது. சீட்டில் இல்லாதிருந்த குரல் சீட்டுக்கு வந்த சிறு நிகழ்வு அது.

பொய்யும் மயக்கமும்

பொய் எது என்பதைத் தீர்மானிப்பது எளிது. மயக்கும் உண்மை எது என்பதே கடினம். துணிக்கடைகளில் நெடுங்காலமாக வழங்கும் "ஆர்ட் சில்க்" என்னும் தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் "ஆர்ட்" என்பது கலையைக் குறிப்பதன்று; செயற்கை என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே அது. வணிகர்கள் அனைவரும் இதை அறிவர். வாங்கும் பலர் அறியார். கலைநயம் மிக்க பட்டு என்று எண்ணிக்கொள்கின்றனர். சொன்னது பொய்யன்று. கேட்டவர் மனத்தில் பதிந்தது உண்மையன்று.

இந்தியச் சட்டம் இவ்விரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான வருணனையை மட்டுமன்றி, பொருளின் தன்மை பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ணவைப்பதையும் முதன்மையான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதையும் "தவறாக வழிநடத்தும் விளம்பரம்" என்கிறது. இச்சட்டத்தின்கீழ் 2020 இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், விளம்பரத்தை நிறுத்துமாறு ஆணையிடவும் 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கவும் வல்லது. அதற்கு முன் 1986 ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் இருந்தது. விளம்பரத் துறையினரே 1985 இல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றமும் முறையீடுகளை விசாரிக்கிறது.

யாருடைய அறிவை அளவுகோலாகக் கொள்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மிக எளிதில் ஏமாறுபவரை அளவுகோலாகக் கொண்டால் எல்லா விளம்பரங்களும் குற்றமாகும். மிகத் தேர்ந்தவரைக் கொண்டால் எதுவும் குற்றமாகாது. "இப்புடவையை உடுத்தினால் மகாராணி ஆவீர்" என்பதை யாரும் நம்புவதில்லை. "அசல் சரிகை" என்பதை எல்லோரும் நம்புகின்றனர். வெள்ளி இழையின் மேல் பொன்முலாம் பூசிய சரிகைக்கும் செம்பாலோ நெகிழிப் படலத்தாலோ செய்த போலிச் சரிகைக்கும் விலை வேறுபாடு பெரிது. அது வெளிப்படுவதோ, பழைய புடவையை விற்கச் செல்லும் நாளில்தான்.

கட்டாயப் பேச்சு

பேசாதே என்பது போலவே, இதைப் பேசு என்பதும் பேச்சுரிமையைத் தொடுவதாகும். பொதிந்த பொருள்களின் மேல் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அளவு, அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டின் விதிகளின்படி கட்டாயம். 2016 ஏப்ரல் முதல் சிகரெட்டுப் பெட்டியின் முதன்மைப் பரப்பில் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படம் நிரப்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் இதை நீக்கியது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் நிறுத்திவைத்தது. திரையரங்குகளில் அரசின் செய்திப்படங்களைக் கட்டாயமாகத் திரையிடுவது பற்றிய வழக்கில் (1999), மக்களுக்கு அறிவூட்டும் செய்தியைச் சேர்க்கச் சொல்வது பேச்சுரிமைக்கு எதிரானது அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கட்டாயப் பேச்சு கடைப் பெயர்ப்பலகையாகும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின் (1948) 15 ஆவது விதி, பலகையில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும் என்கிறது; பிற மொழிகள் சேர்க்கப்பட்டால் அவை தமிழுக்கு அடுத்தே வரவேண்டும். ஆரணிக் கடைத்தெருவின் பட்டுக் கடைக்கும் இது பொருந்தும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இதைப் போன்றதொரு சட்டம் இருந்தது. ஆனால் அது பிரெஞ்சு மொழியை மட்டுமே அனுமதித்தது. 1988 இல் ஃபோர்டு வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அதை நீக்கியபோது, பிரெஞ்சு மொழிக்கு முதன்மை கேட்கலாம், பிற மொழிகளை அழித்துவிடக் கூடாது என்று கூறியது. தமிழ்நாட்டு விதி அவ்வரம்புக்குள் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

முன் அனுமதியும் பின் தண்டனையும்

வெளியிட்ட பின் தண்டிப்பதற்கும், வெளியிடும் முன்பே தடுப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. சிறைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை வெளியிட "நக்கீரன்" இதழ் முற்பட்டபோது அதிகாரிகள் தடுக்க முயன்ற வழக்கில் (ராஜகோபால் எதிர் தமிழ்நாடு, 1994), அவதூறு நேரக்கூடும் என்ற அச்சத்தால் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இக்கொள்கை வணிகப் பேச்சுக்கும் அதே வலிமையுடன் பொருந்துமா என்பது இன்னும் முழுமையாகத் தீரவில்லை. மருத்துவப் பொருள் விளம்பரங்கள் தொடர்பாக இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், எந்த விளம்பரத்தையும் வெளியிடும் முன் அது தவறாக வழிநடத்தவில்லை என்று விளம்பரதாரர் தம் உறுதிமொழியைப் பதிவு செய்ய வேண்டும் என 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஊர்க்கடை விளம்பரம் முதல் பன்னாட்டு நிறுவன விளம்பரம் வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தியதால் சிறு வணிகர்களிடையே குழப்பம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதனை உணவு, நலவாழ்வுத் துறைகளோடு நிறுத்திக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. பொய்யரைப் பிடிக்க விரித்த வலையில் முதலில் சிக்குபவர் படிவம் நிரப்பத் தெரியாதவரே என்பதற்கு இது அண்மைக்கால எடுத்துக்காட்டு.

பிற நாடுகளில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1942 இல் வணிக விளம்பரத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. ஹம்தர்த் தீர்ப்பு இதனையே பின்பற்றியது. 1976 இல் வர்ஜீனியா மருந்தாளர் வாரிய வழக்கில் அந்நீதிமன்றம் நிலையை மாற்றிக்கொண்டது. மருந்து விலைகளை விளம்பரம் செய்வதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்தவர்கள் மருந்துக் கடைக்காரர்கள் அல்லர், நுகர்வோர் என்பது குறிப்பிடத்தக்கது. 1980 இல் சென்ட்ரல் ஹட்சன் வழக்கில் நான்கு படிகளைக் கொண்ட சோதனை ஒன்று வகுக்கப்பட்டது. பேச்சு சட்டத்துக்கு உட்பட்டதாகவும் மயக்காததாகவும் இருக்கிறதா, அரசின் நோக்கம் கனமானதா, கட்டுப்பாடு அந்நோக்கத்தை நேராக நிறைவேற்றுகிறதா, தேவைக்கு மிகாமல் இருக்கிறதா என்பவை அவையாகும். இத்தகைய படிமுறைச் சோதனை எதையும் டாட்டா பிரஸ் தீர்ப்பு வகுக்கவில்லை.

பொருளின் மேல் அரசு முத்திரை இடுவது தமிழகத்துக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் பண்டங்களின் மேல் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அது சுங்கத்துக்கான முத்திரை, தரத்துக்கானது அன்று. குடியேற்ற ஆட்சியில் 1889 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய வணிகப் பொருட்குறிகள் சட்டம், பொய்யான வணிக வருணனையைக் குற்றமாக்கியது.

விமர்சனங்கள்

வணிகப் பேச்சுக்குப் பாதுகாப்பு அளிப்பதை எதிர்ப்போர், கருத்துரிமை மக்களாட்சிக்காக வழங்கப்பட்டது, சோப்பு விற்பதற்கன்று என்கின்றனர். பெருநிறுவனங்கள் தம்மேல் விதிக்கப்படும் ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் பேச்சுரிமையின் பெயரால் எதிர்க்க இது வழிவகுக்கும் என்பது அவர்களின் அச்சம். புகையிலை நிறுவனங்களின் வழக்குகள் இவ்வச்சத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. கனடாவில் 1995 இல் புகையிலை விளம்பரத்துக்கான முழுத் தடை இவ்வாறே நீக்கப்பட்டது. பின்னர் அந்நாடு குறுகிய வரம்புகளுடன் புதிய சட்டம் இயற்றியது.

ஆதரிப்போர், எது வணிகம், எது கருத்து என்று பிரிப்பதே அரிது என்கின்றனர். "கைத்தறியை வாங்குங்கள், இது ஒரு குடும்பத்தின் உழைப்பு" என்று ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் எழுதும் வாசகம் விளம்பரமா, வேண்டுகோளா, அரசியலா? 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் அறிவிக்கப்பட்ட சுதேசி இயக்கத்தின் முழக்கமே துணி வாங்குவது பற்றியதுதான். தேசியக் கைத்தறி நாளுக்கு அந்நாளே தேர்ந்தெடுக்கப்பட்டது.

மூன்றாவதாக ஒரு குறையும் கூறப்படுவதுண்டு. சட்டங்கள் அனைத்தும் விற்பவரையும் வாங்குபவரையும் மட்டுமே கணக்கில் கொள்கின்றன. பொய்ச் சீட்டால் ஏமாந்த நுகர்வோர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பெயர் திருடப்பட்ட போட்டி வணிகர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். விசைத்தறிப் புடவை கைத்தறி என்று விற்கப்பட்டதால் கூலி குறைந்த நெசவாளர் தம் பெயரில் நாடத்தக்க வழி எளிதாக இல்லை. புவிசார் குறியீட்டில் பயனராகப் பதிவு செய்துகொண்ட நெசவாளர் மீறலுக்கு எதிராக வழக்குத் தொடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. பிறர் கொடுக்கும் பாவில் கூலிக்கு நெய்பவர் அப்பதிவைப் பெற்றுக்கொள்வதும், பெற்றபின் வழக்கின் செலவைத் தாங்குவதும் வேறு செய்தி.